லைட்டு கண்ணடித்தால் கையைக் கட்டு

"இன்னொரு தடவை ஓட்டுங்க" என்றார் விசாரணை அதிகாரி.

ஓட்டினார்கள். அது ஆறாவது தடவையா ஏழாவது தடவையா என்று எனக்கு நினைவில்லை. ஒரகடத்தில் ஒரு பிரஸ் ஷாப்பின் மீட்டிங் ரூம். ஏசி குளிரில் எல்லோருக்கும் மூக்கு அடைத்திருந்தது. சுவரில் சிசிடிவி படம் ஓடியது.

நீலக் கோட்டு போட்ட ஒரு பெண். தலையில் வலை. முன்னால் ஆளுயரத்துக்கு ஒரு பிரஸ் மெஷின். இரும்புத் துண்டை உள்ளே வைக்கிறாள். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்துகிறாள். மெஷினின் தலை இறங்கி ஏறுகிறது. துண்டை எடுத்துப்போட்டுவிட்டு அடுத்த துண்டை வைக்கிறாள்.

திடீரென்று படம் ஒருமுறை மங்கித் தெளிகிறது. அவள் துண்டைப் பாதி வைத்தபடி விட்டுவிட்டு இரண்டு கையையும் சட்டென்று அக்குளில் செருகிக்கொள்கிறாள். அடுத்த நொடி, யாரும் பட்டனைத் தொடாமலே மெஷின் தலை இறங்குகிறது. கோணலாகக் கிடந்த துண்டில் மோதி, உள்ளே இருந்த டை, துண்டுக்கு வடிவம் கொடுக்கிற இரும்பு அச்சு, இரண்டாக உடைகிறது.

"பாத்தீங்களா சார்?" என்று எழுந்தார் ஹெச்ஆர் மேனேஜர் தினகரன். "மெஷின் எறங்கறதுக்கு முன்னாடியே கைய எடுத்துட்டாங்க. எறங்கப் போவுதுன்னு முன்னாடியே எப்படித் தெரியும்? ஏதோ பண்ணி வெச்சிருந்தாத்தான தெரியும்?"

விசாரணை அதிகாரி தலையாட்டினார். அவர் வெளியிலிருந்து வந்த வக்கீல். உப்பு பிஸ்கட்டை டீயில் நனைத்துச் சாப்பிடுவதில் காட்டிய நிதானத்தை வேறெதிலும் காட்டவில்லை.

படத்தில் இருந்த பெண் எதிரே உட்கார்ந்திருந்தாள். பெயர் அமலோற்பவம். பென்னலூர்ப் பக்கத்துக் கிராமம். அந்த வரிசையில் ஆறு வருடமாக வேலை. வீட்டில் நிலையான சம்பளம் அவளுடையது மட்டும்தான். வேண்டுமென்றே மெஷினை உடைத்தாள் என்று குற்றம் நிரூபணமானால் டிஸ்மிஸ். டிஸ்மிஸ் ஆவதைவிட மோசம், அந்தப் பேர். டை உடைத்தவள் என்று பேர் விழுந்துவிட்டால் வல்லக்கோட்டையிலிருந்து சுங்குவார்சத்திரம் வரை ஒரு கம்பெனிக் கதவும் அவளுக்குத் திறக்காது.

நான் சாட்சி. அந்த மெஷினை ஓட்டுகிற போர்டைச் செய்த கம்பெனியில் டெஸ்ட் இன்ஜினியர். போர்டில் குறை எதுவும் இல்லை என்று ஏற்கெனவே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தேன். அன்று வாயால் ஒரு தடவை சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டு வரவேண்டியதுதான் பாக்கி.

அந்த அறையில் யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அந்த போர்டில் முன்பு இருந்த ஒரு பாகத்தை எடுத்துவிடலாம் என்று யோசனை சொன்ன புண்ணியவதி நானேதான்.

மூன்று கால் சாமான்

டெஸ்ட் இன்ஜினியர் என்றால் என்ன வேலை என்று வாசகர்கள் சிலர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிப்பது. சம்பளத்தோடு கூடிய மாமியார் வேலை.

போர்டு என்பது பச்சை நிறப் பலகை. அதில் புத்தி என்று ஒன்று இருக்கும். மைக்ரோபிராசஸர். மின்சாரம் முழுசாக இருந்தால் அது ஒழுங்காக வேலை செய்யும். சுத்தமாக இல்லாவிட்டால் தூங்கிவிடும். இரண்டிலும் ஆபத்தில்லை. வோல்டேஜ் பாதியில் தொங்குகிறதே, அப்போதுதான் வம்பு. தூங்கவும் தூங்காமல், விழிக்கவும் விழிக்காமல் உளற ஆரம்பிக்கும். குடித்துவிட்டுத் தெருவில் விழுந்து கிடப்பவனால் யாருக்கும் தொல்லையில்லை. பாதி போதையில் வண்டியை எடுக்கிறானே, அவனுக்குத்தான் பயப்படவேண்டும்.

அதற்காகவே ஒரு சின்ன சாமான் உண்டு. அரிசி நொய் அளவு. மூன்று கால். வோல்டேஜ் சூப்பர்வைசர் என்று பேர். மின்சாரம் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் புத்தியின் குடுமியைப் பிடித்து உட்காரவைத்துவிடும். மின்சாரம் திரும்பி வந்ததும் உடனே விட்டுவிடாது. நிலைத்து நிற்கிறதா என்று கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சரி, முதலிலிருந்து ஆரம்பி" என்று விடும். எங்கள் கம்பெனியில் சூப்பர்வைசர் என்று அட்டை மாட்டிக்கொண்டு திரிந்த அத்தனை பேரிலும், பேருக்கு ஏற்ற வேலை செய்தது அது ஒன்றுதான்.

இதைப் புரிந்துகொள்ள இன்ஜினியரிங் படிக்க வேண்டியதில்லை. ஃபிரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வைத்திருந்த எந்த வீட்டுக்கும் தெரியும். வாலாஜாபாத்தில் எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. முள் ஆடுகிற சாம்பல் நிறப் பெட்டி. கரண்டு போய்த் திரும்ப வந்ததும் அது உடனே ஃபிரிட்ஜுக்கு விடாது. சிவப்பு லைட்டைக் காட்டிக்கொண்டு சும்மா நிற்கும். அம்மா அதற்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று, "அதான் வந்துடுச்சே, இன்னும் என்னடா யோசனை உனக்கு?" என்று திட்டுவாள். அப்புறம் "டக்" என்று ஒரு சத்தம். பச்சை லைட்.

சித்தப்பாவுக்கு அந்த டக் வரை பொறுமை இல்லை. அவருக்குத் தெரியாத வேலையே கிடையாது என்று ஊரில் பேர், அந்தப் பேரைக் கொடுத்தவரும் அவரே. ஒரு கோடையில் ஸ்டெபிலைசரைக் கழற்றி எறிந்துவிட்டு ஃபிரிட்ஜை நேராக பிளக்கில் செருகினார். "வெத்துப் பொட்டி. கரண்ட தின்னுது" என்றார். அந்த வாரமே கம்ப்ரஸர் புகைந்தது. அதற்குப் பிறகு அந்த ஃபிரிட்ஜில் பல வருடம் எங்கள் பழைய பாடப் புத்தகங்களை வைத்திருந்தோம். கரப்பான் வராது என்ற ஒரு சௌகரியம் இருந்தது.

சித்தப்பாவை நினைத்து நான் சிரிக்காத தீபாவளி இல்லை. அவர் செய்ததையே பின்னாளில் நானும் செய்தேன். எனக்கு மட்டும் அதற்குப் பரிசு கொடுத்தார்கள்.

ஐடியா நட்சத்திரம்

கொரோனா முடிந்து கம்பெனிகள் மூச்சுவிட ஆரம்பித்த நேரம். உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு. அந்த மூன்று கால் சாமான் எங்கும் கிடைக்கவில்லை. பர்ச்சேஸ் ஆட்கள் போனில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டே இருந்தார்கள். மற்ற எல்லா பாகமும் ஏறிய போர்டுகள், இந்த ஒரு நொய் இல்லாமல் தட்டுத் தட்டாக அடுக்கிக் கிடந்தன. எங்கள் பிளான்ட் ஹெட் ரகுராமன் தினமும் காலையில் அந்தத் தட்டுகளுக்கு முன்னால் வந்து நின்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போவார்.

எங்கள் கம்பெனியில் மாதம் ஒரு யோசனை எழுதிப் போடவேண்டும். கெய்சன் என்பார்கள். நல்ல யோசனைக்குப் பரிசு உண்டு. யோசனையே இல்லாதவர்கள் "பாத்ரூமில் சோப்பு வைக்கலாம்" என்று எழுதிப் போடுவார்கள். சோப்பு ஏழு வருடமாக யோசனையாகவே இருந்தது.

நான் எழுதினேன்: அந்தச் சாமானை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும் போடலாம். இரண்டும் ஸ்டோரில் மலையாகக் கிடக்கின்றன.

வேலை செய்யும். சுத்தமாக ஆஃபில் இருந்து ஆன் செய்தால் அழகாக வேலை செய்யும். கெப்பாசிட்டர் மெதுவாக நிரம்பும், அதுவரை புத்தி தூங்கும், பிறகு எழும். ஆனால் மின்சாரம் ஒரு கண நேரம் மட்டும் தொய்ந்து நிமிர்ந்தால்? கெப்பாசிட்டர் காலியாகியே இருக்காது. அதற்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது. புத்தி உளற ஆரம்பித்திருக்கும், இது பாட்டுக்கு "எல்லாம் சௌக்கியம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

இது எனக்குத் தெரியாதா? பாலிடெக்னிக் இரண்டாம் வருடப் பாடம். பரீட்சையில் படம் வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன்.

சோதனையும் நானே செய்தேன். முழுசாக ஆஃப், முழுசாக ஆன். மறுபடி ஆஃப், மறுபடி ஆன். எங்கள் டெஸ்ட் பெஞ்சுக்கு வருகிற மின்சாரம் யுபிஎஸ்ஸில் குளித்து, ஸ்டெபிலைசரில் தலை சீவி, பொட்டு வைத்துக்கொண்டு வருகிற மின்சாரம். அதில் எல்லா போர்டும் பாஸ்.

என் போட்டோவை கேன்டீனில் கை கழுவுகிற இடத்துக்கு மேலே மாட்டினார்கள். "இம்மாத ஐடியா நட்சத்திரம்." மூன்று அடுக்கு ஹாட் பேக் கொடுத்தார்கள். ரகுராமன் மைக்கைப் பிடித்து, "தேவையில்லாத ஆள எப்படித் தூக்கறமோ, அதே மாதிரி தேவையில்லாத பார்ட்டையும் தூக்கணும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த மாதம் தூக்கப்படவிருந்த கான்ட்ராக்ட் ஆட்கள் முன்வரிசையில் நின்று கொஞ்சம் பலமாகவே தட்டினார்கள்.

தட்டுப்பாடு தீர்ந்தது. சாமான் வந்து சேர்ந்தது. அதைத் திரும்பப் போடவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எடுத்ததற்குத்தான் பரிசு கொடுத்தாகிவிட்டதே.

பிறகு சில போர்டுகள் திரும்பி வந்தன. "ஹேங் ஆகுது", "தானா ஓடுது" என்று சீட்டு ஒட்டியிருக்கும். பெஞ்சில் மாட்டுவேன். ஆஃப், ஆன். பாஸ். "குறை எதுவும் காணப்படவில்லை" என்று ரப்பர் ஸ்டாம்பே செய்து வைத்திருந்தோம். கையால் எழுதிக் கை வலிக்கிறது என்று.

அக்குளில் இருந்த கை

டை உடைந்த மறுநாள் என்னை ஒரகடத்துக்கு அனுப்பினார்கள். போர்டைப் பார்த்து எழுதிக் கொடுக்கவேண்டும். அமலோற்பவத்தை முதல் நாளே சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். அவள் மெஷின் மட்டும் நின்றிருந்தது. வரிசையில் மற்ற மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் எங்கள் போர்டுதான்.

நான் பெட்டியைத் திறந்து குனிந்திருந்தேன். பக்கத்து ஷெட்டில் ஏதோ பெரிய மோட்டார் உறுமிக் கிளம்பியது. தலைக்கு மேலே லைட்டுகள் ஒரு தடவை மங்கித் தெளிந்தன.

நிமிர்ந்து பார்த்தேன். அந்த வரிசையில் இருந்த அத்தனை பெண்களும் இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி சொல்லி ஒருத்தி செய்யவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் செய்தார்கள். உதடுகள் மட்டும் அசைந்தன. எண்ணிக்கொண்டிருந்தார்கள். பிறகு கையை எடுத்து, மெஷினை ஆஃப் செய்து ஆன் செய்துவிட்டு, எதுவுமே நடக்காததுபோல் வேலையைத் தொடர்ந்தார்கள்.

பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டேன்.

"லைட்டு கண்ணடிச்சிச்சே, பாக்கலியா மேடம்? கண்ணடிச்சா கைய கட்டிக்கணும். லைட்டு ஆடாம நின்னப்புறம் இருவது எண்ணணும். இல்லாங்காட்டி சில நேரம் மெஷினு தானா எறங்கிடும்."

"யார் சொன்னது? எங்கேயாவது எழுதியிருக்கா?"

"எழுதி எல்லாம் இல்ல. அமலாக்கா கண்டுபுடிச்சது. நேத்து சஸ்பெண்ட் பண்ணாங்களே, அவங்கதான். யாரு புச்சா வந்தாலும் மொதல்ல இத்த சொல்லிக் குடுத்துட்டுதான் பட்டன தொடவே வுடுவாங்க."

"மெயின்டனன்ஸ்ல சொல்லலையா?"

"சொன்னோமே. வந்து ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டு, நல்லாத்தான் கீதுன்னு பூட்டாங்க."

கரண்டு தொய்ந்தால் எல்லாவற்றையும் நிறுத்து, திரும்பி வந்தாலும் உடனே நம்பாதே, கொஞ்சம் பொறு, முதலிலிருந்து ஆரம்பி. நான் எடுத்துப்போட்ட மூன்று கால் சாமான் செய்துகொண்டிருந்த வேலை இதுதான், அட்சரம் பிசகாமல். அதை அமலோற்பவம் தன் கண்ணால் பார்த்து, தன் புத்தியால் கண்டுபிடித்து, ஒரு வரிசைக்கே கற்றுக்கொடுத்திருக்கிறாள். அவளுக்கு யாரும் ஹாட் பேக் கொடுக்கவில்லை. சார்ஜ் ஷீட் கொடுத்தார்கள்.

திரும்பி வந்து ரகுராமனிடம் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணா போர்டு பாஸ் ஆச்சாம்மா?" என்றார்.

"ஆச்சு சார். ஆனா..."

"ஆச்சுல்ல? அத மட்டும் எழுது. லைன்ல லேடீஸ் கை கட்டறது, கால் கட்டறது எல்லாம் நம்ம ஸ்கோப் இல்ல. அப்புறம் ஒரு விஷயம். அந்தப் பார்ட்ட எடுத்தது யாருன்னு கேட்டா, யார் பேரும்மா வரும்?"

எழுதினேன். ஸ்டாம்பு குத்தினேன். கையெழுத்துப் போட்டேன். அவர் மிரட்டினார், அதனால் எழுதினேன் என்று சொல்லிவிட்டால் இந்த அத்தியாயம் எனக்குச் சுலபமாக முடிந்துவிடும். அவர் அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே நான் எழுதத் தயாராகத்தான் இருந்தேன். நான் பயந்தது என் பேருக்குத்தான், வேலைக்குக்கூட இல்லை.

வெரலு என்னுது

மீட்டிங் ரூமுக்குத் திரும்புவோம்.

"மெஷின் ஓடிக்கிட்டிருக்கும்போது ஏன் கைய எடுத்தீங்க?" என்று கேட்டார் விசாரணை அதிகாரி.

"லைட்டு கண்ணடிச்சுது சார். எடுத்தேன்."

"லைட் மினுங்கினா கைய எடுக்கணும்னு எஸ்ஓபில, வேலை விதிமுறைல, இருக்கா?"

"இல்ல."

"சூப்பர்வைசர் சொன்னாரா?"

"இல்ல."

"அப்ப யார் சொல்லி எடுத்தீங்க?"

"யாரு சொல்லணும்? வெரலு என்னுது."

தினகரன் சிரித்தார். பக்கத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவரும் சிரித்தார். விசாரணை அதிகாரி சிரிக்கவில்லை. "விதிமுறைக்குப் புறம்பாகச் செயல்பட்டதைத் தொழிலாளி ஒப்புக்கொள்கிறார்" என்று சொல்லி எழுதச் சொன்னார்.

"அடுத்து, இரண்டாவது குற்றச்சாட்டு" என்று தினகரன் காகிதத்தைப் புரட்டினார். "சஸ்பென்ஷன் காலத்துல தினமும் ஷிஃப்ட் பஸ் வர்ற நேரத்துல கேட் முன்னாடி கைகளைக் கட்டிக்கொண்டு நின்று, மற்ற தொழிலாளர்களுக்கு சைகை காட்டி, அவர்களை நிர்வாகத்துக்கு எதிராகத் தூண்டியது. செக்யூரிட்டி ரிப்போர்ட் இருக்கு சார்."

"எதுக்குமா அங்க நின்னீங்க?"

அமலோற்பவம் ஒரு கணம் யோசித்தாள். "ஒருத்திக்கு ஒன்னு சொல்ல வேண்டி இருந்துச்சு."

"யாருக்கு? என்ன?"

"அது வேணாம் சார்."

அதையும் எழுதிக்கொண்டார்கள். பிறகு என் பக்கம் திரும்பினார்கள். மேஜையில் அந்த போர்டு இருந்தது. அன்று காலையில்தான் மெஷினிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். கூடவே, மெஷின் தலையை இறக்குகிற காற்று வால்வையும் போர்டில் மாட்டியிருந்தார்கள். தினகரன் அதை ஆஃப் செய்து ஆன் செய்து காட்டினார். டிஸ்பிளேயில் பூஜ்யம் வந்தது. வால்வு அமைதியாக இருந்தது.

"பர்ஃபெக்ட்டா ஒர்க் ஆவுது சார். மேடம் ரிப்போர்ட்டும் இருக்கு. மேடம், நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சுது."

நான் எழுந்தேன். "வண்டில ஒரு சாமான் இருக்கு. எடுத்துட்டு வந்துடறேன்" என்றேன்.

டிம்மர்

டிம்மர் என்பது பெரிய ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி. குமிழைத் திருகினால் வோல்டேஜ் மெல்ல இறங்கும், மெல்ல ஏறும். அன்று காலை அதை டிக்கியில் வைத்துக்கொண்டுதான் கிளம்பியிருந்தேன். தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். டிக்கியில் இருந்தால், எடுக்காமலே திரும்பி வந்துவிடலாம் அல்லவா? அந்த வசதிக்காகத்தான் அங்கே வைத்தேன்.

அதை மேஜைக்குக் கொண்டுவந்து, போர்டை அதன் வழியாக மாட்டினேன். ஆன் செய்தேன். பூஜ்யம் வந்தது. "இதுவரைக்கும் எல்லாரும் பாத்ததுதான் சார். இப்ப பக்கத்து ஷெட்ல மோட்டார் கிளம்புதுன்னு வெச்சுக்குங்க."

குமிழைக் கொஞ்சம் திருகி, உடனே திருப்பினேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி செய்தேன். ஒன்றும் ஆகவில்லை. தினகரன் மணியைப் பார்த்தார். இத்தனை நாள் என்னைக் காப்பாற்றிய போர்டு, இன்றும் என்னைக் காப்பாற்றியே தீருவேன் என்று அடம்பிடித்தது.

நாலாவது தடவை டிஸ்பிளேயில் பூஜ்யம் போய் வரிசையாக எட்டுகள் எழுந்து நின்றன. பிறகு ஏதோ கோடு. பிறகு "டக்."

வால்வு திறந்தது. யாரும் எந்த பட்டனையும் தொடவில்லை. மறுபடி டக். மறுபடி டக், டக். மேஜை அதிர்ந்தது. பிஸ்கட் தட்டு நகர்ந்தது.

"இது மெஷின்ல இருந்திருந்தா, ஒவ்வொரு டக்குக்கும் தலை ஒரு தடவை எறங்கியிருக்கும்" என்றேன்.

விசாரணை அதிகாரி நாற்காலியோடு பின்னால் போயிருந்தார். தினகரனைப் பார்த்தேன். வால்வுக்குப் பக்கத்தில் வைத்திருந்த இரண்டு கையும் அக்குளுக்குப் போயிருந்தன. அவருக்கு எந்த எஸ்ஓபியும் யாரும் கொடுக்கவில்லை.

அமலோற்பவம் அவரைப் பார்த்து, "இருவது எண்ணுங்க சார்" என்றாள்.

நான் மீதியையும் சொன்னேன். அந்தச் சாமான் எது, ஏன் இருந்தது, எப்போது எடுத்தோம், யார் எடுக்கச் சொன்னது. "எடுக்கச் சொன்னது நான்தான்" என்று சொல்லும்போது குரல் தேய்ந்துவிட்டது. விசாரணை அதிகாரி, "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, ரெக்கார்டு பண்ணணும்" என்றார். சத்தமாகச் சொன்னேன். தட்டச்சுக்காரருக்குக் கேட்கவில்லை என்று மூன்றாவது தடவையும் சொன்னேன்.

கேட்டுக்கு வெளியே

முடிவு தெரிய வேண்டுமல்லவா? குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. "எதிர்காலத்தில் கவனமாக இருக்குமாறு அறிவுறுத்தப்படுகிறார்" என்று ஒரு வரி சேர்த்து அவளை வேலையில் எடுத்துக்கொண்டார்கள். எதில் கவனமாக இருக்கவேண்டும் என்று எழுதவில்லை. பாதுகாப்பு வாரத்தில் பிரஸ் ஷாப் முழுக்க ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். விளக்கு மினுங்கினால் கைகளை அகற்றுவீர். யோசனை: ஹெச்ஆர் துறை.

எங்கள் கம்பெனி அந்தச் சாமானைத் திரும்பப் போட்டது. வெளியே போன போர்டுகளைத் திரும்ப வாங்கியது. தரத்தை உயர்த்தியதற்காக அந்த மாத ஐடியா நட்சத்திரம் ரகுராமன். என்னை மானுவல் எழுதுகிற பிரிவுக்கு மாற்றினார்கள். என் எழுத்து நன்றாக இருக்கிறது என்று நீங்கள் யாராவது நினைத்தால், அந்தப் புண்ணியம் அவருக்கே.

ஆனால் நான் எழுத வந்தது இதையல்ல. விசாரணை முடிந்த அன்று சாயங்காலம் நடந்ததை.

கேட்டுக்கு வெளியே அமலோற்பவம் ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தாள். வண்டியை ஓரம் கட்டி இறங்கினேன். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று இருந்தது. கூடவே, அவள் நன்றி சொல்வாள் என்றும் ஒரு மூலையில் ஆசை இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

"நான்தான் அதை எடுக்கச் சொன்னேன். மன்னிச்சிடுங்க" என்றேன்.

"தெரியாம பண்ணிட்டீங்கன்னு வெச்சிக்கறேன்" என்றாள். பிறகு, "நீங்க மொத தபா வந்து லைன பாத்துட்டு போனீங்களாமே. அன்னிக்கே தெரிஞ்சிடுச்சா?"

"தெரிஞ்சுது."

"அன்னிக்கும் இன்னிக்கும் எத்தினி நாளு மேடம்?"

"பதினோரு நாள்."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அந்த மெஷினு பதினோரு நாளும் சும்மா நிக்கல, தெரியுமா? போர்டு நல்லா கீதுன்னு உங்க பேப்பர் வந்திச்சாம். மறுநாளே புது டை போட்டு ஓட்டிட்டாங்க. என் எடத்துல ஒரு ஒரிசா பொண்ண ஒக்கார வெச்சாங்க. அப்ப அது வேலைக்கு வந்து ஒரு வாரம்கூட ஆவல. அதுக்கு நம்ம பாஷ தெரியாது. கைய கட்டிக்கணும்னு யாரு சொல்லுவா? லைன்ல மத்தவங்க அதுகிட்ட பேசுனா, என் விஷயமா பேசறாங்கன்னு நோட்டீசு வுட்டுக்கினு இருந்தாங்க."

ஆட்டோ வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"அதான் கேட்டாண்ட போயி நின்னேன். அது பஸ்ஸ வுட்டு எறங்கசொல்ல, மேல லைட்ட காட்டி, கண்ண மூடித் தொறந்து, கைய இப்பிடிக் கட்டிக் காட்டுவேன். மொத ரெண்டு நாளு பைத்தியம்னு நெனச்சிக்கினு சிரிச்சிட்டுப் போச்சு. மூணா நாளு அதுவும் கட்டிக் காட்டிச்சு. உள்ள பேரு சொன்னா அதுக்கும் ஒரு சார்ஜ் ஷீட்டு குடுப்பாங்க. அதான் சொல்லல."

எனக்கு வெட்கமாக இருந்தது. பதினோரு நாளும் நான் நேரத்துக்குச் சாப்பிட்டிருக்கிறேன், தூங்கியிருக்கிறேன். என் பேர் என்ன ஆகும் என்று கவலைப்பட்டிருக்கிறேன். அந்த மெஷினுக்கு முன்னால் இப்போது யார் இருக்கிறார்கள் என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

"அதுக்குள்ள லைட் கண்ணடிச்சுதா?" என்று கேட்டேன். கேட்கவே பயமாக இருந்தது.

"நாலு வாட்டி கண்ணடிச்சுதாம். ஒரு வாட்டி தலையும் எறங்கிச்சாம்."

"அந்தப் பொண்ணு?"

ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அவள் ஏறி, மற்றவர்களை நகரச்சொல்லி உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"நல்லா கீது. செக்யூரிட்டி காலைல நின்னத மட்டும்தான் எழுதினான். நான் சாயங்காலமும் வந்து நிப்பேன். அது பஸ் ஏற வரசொல்ல ரெண்டு கையையும் நீட்டச் சொல்லி, பத்து வெரலையும் எண்ணிட்டுதான் வூட்டுக்குப் போவேன்."